திரையில் கண்ட வீடு தரையில் எழுந்த வரலாறு: கிளீவ்லாந்து ‘கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ இல்லம்

முன்னுரை

ஒரு திரைப்படத்தைப் பார்த்துப் பல ஆண்டுகள் ஆனபின் அதன் கதை பாதி மறந்துபோயிருக்கும். ஆனால் அதில் வந்த வீட்டின் மாடிப்படியும், சன்னலோரத்து விளக்கும், அடுக்களைச் சுவரின் நிறமும் நினைவில் நிற்கும். அத்தகைய வீட்டை நேரில் பார்க்க வேண்டும், முடிந்தால் அதே போல் ஒன்றை அமைக்க வேண்டும் என்ற ஆசை திரைப்படக் கலையோடு கூடவே வளர்ந்து வந்துள்ளது. சிலர் ஒரு நாற்காலியையோ திரைச்சீலையையோ வாங்கி அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கின்றனர். சிலர் வீட்டையே கட்டிவிடுகின்றனர்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரில் இவ்வாறு அமைந்த ஓர் இல்லம் உள்ளது. 1983 இல் வெளிவந்த ‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ என்னும் திரைப்படத்தில் பார்க்கர் குடும்பத்தின் வீடாக வெளிப்புறம் காட்டப்பட்டது இவ்வீடே. படத்தில் அந்தக் குடும்பம் வாழ்ந்த கூடமும் அடுக்களையும் இவ்வீட்டுக்குள் இருந்தவை அல்ல. அவை கனடாவின் டொராண்டோ நகரில் போடப்பட்ட செட்டுகள். 2006 இல்தான் அந்த உள்ளலங்காரம் இவ்வீட்டுக்குள் முதன்முறையாக அமைக்கப்பட்டது. எனவே இதைப் பழுதுபார்ப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அங்கு ஒருபோதும் இல்லாத ஒன்றை, முன்பு இருந்ததுபோல் அமைத்த முயற்சி இது. இல்லாத வீட்டை மீட்பது எப்படி, அப்படி மீட்டதை வரலாற்றுச் சின்னம் என்று கொள்ளலாமா என்னும் இரு கேள்விகளுக்கும் இவ்வீட்டின் கதை விடை தேட உதவுகிறது.

திரை வீட்டின் இயல்பு

திரைப்படத்தில் ஒரே வீடாகத் தோன்றுவது பெரும்பாலும் பல இடங்களின் சேர்க்கையாகும். வாசலும் தெருவும் உண்மையான ஊரில் எடுக்கப்படும். கதவைத் திறந்து உள்ளே நுழைந்தவுடன் தெரியும் கூடம் வேறோர் ஊரின் படப்பிடிப்புக்கூடத்தில் மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் கொண்டு அமைக்கப்பட்டதாக இருக்கும். படத்தொகுப்பு இவ்விரண்டையும் ஒட்டிவிடுகிறது.

செட்டில் அமையும் அறைக்கு வீட்டு அறையின் இலக்கணம் பொருந்தாது. கேமராவும் தொழில்நுட்பக் கலைஞர்களும் நிற்பதற்காக ஒரு பக்கச் சுவர் இல்லாமல் விடப்படும். அல்லது வேண்டும்போது கழற்றி மாட்டும்படி செய்யப்படும். மேலிருந்து விளக்கொளி விழ வேண்டும் என்பதால் பல செட்டுகளுக்குக் கூரை இராது. மாடிப்படி மேலே ஏறும். ஆனால் அது போய்ச் சேர மேல்மாடி இருக்க வேண்டியதில்லை. சன்னலுக்கு வெளியே தெரியும் தெரு ஓவியமாகவோ நிழற்படமாகவோ இருக்கலாம். சுவரின் நிறமும் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதைவிட, படச்சுருளில் எப்படிப் பதியும் என்பதைக் கொண்டே தேர்ந்தெடுக்கப்படும்.

படப்பிடிப்பு முடிந்தவுடன் செட் பிரிக்கப்படும். பலகையும் சட்டமும் அடுத்த படத்துக்குப் போகும். பலமுறை மிஞ்சுவது படச்சுருளும் சில நிழற்படங்களும் மட்டுமே. ஆகவே திரை வீட்டை மீண்டும் அமைக்க முற்படுபவர், சுவடே இல்லாத ஒரு கட்டடத்தை அதன் உருவப்படங்களிலிருந்து மீட்க வேண்டியவராகிறார்.

முன்னோடி முயற்சிகள்

கற்பனை வீட்டை உண்மையில் அமைக்கும் வழக்கம் கிளீவ்லாந்தில் தொடங்கியதன்று. 1951 இல் நடைபெற்ற பிரிட்டன் விழாவை ஒட்டி, துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸின் அறை லண்டன் பேக்கர் தெருவில் கண்காட்சியாக அமைக்கப்பட்டது. கதைகளில் வரும் ஒவ்வொரு பொருளையும் தேடிச் சேர்த்து உருவாக்கிய அந்த அறை, பின்னர் அதே நகரில் ஹோம்ஸின் பெயர் கொண்ட மதுக்கூடம் ஒன்றுக்கு மாற்றப்பட்டு இன்றும் காட்சிக்கு உள்ளது. அங்கு மூலம் எழுத்து. அதனால் எழுத்தாளர் சொல்லாமல் விட்டதை அமைப்பாளர் ஊகிக்க முடிந்தது. திரைப்படத்தில் பொருள்கள் கண்ணுக்கே தெரிந்துவிடுவதால் ஊகத்துக்கு இடம் குறைவு; தவறு செய்தால் பார்வையாளர் உடனே கண்டுபிடித்துவிடுவர்.

1948 இல் வெளிவந்த ‘மிஸ்டர் பிளாண்டிங்ஸ் பில்ட்ஸ் ஹிஸ் ட்ரீம் ஹவுஸ்’ என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படம் வேறொரு வழியைக் காட்டியது. கேரி கிராண்டும் மிர்னா லோயும் நடித்த அப்படத்தில், நியூயார்க் நகரின் நெருக்கடியான குடியிருப்பிலிருந்து கிராமப்புறத்துக்குச் சென்று வீடு கட்ட முயலும் தம்பதி படாத பாடு படுகின்றனர். ஒவ்வோர் அறைக்கும் வேண்டிய வண்ணத்தை மனைவி உவமைகளோடு விரித்துரைக்க, வண்ணம் பூசுபவர் அதைப் பச்சை, நீலம், மஞ்சள் என்று ஒற்றைச் சொற்களில் சுருக்கிக்கொள்ளும் காட்சி புகழ்பெற்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் வீட்டுத் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. படத்தின் விளம்பரத்துக்காக அமெரிக்கா முழுவதும் எழுபதுக்கும் மேற்பட்ட ‘கனவு இல்லங்கள்’ கட்டப்பட்டு மக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் சில குலுக்கல் பரிசாகவும் கொடுக்கப்பட்டன. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின்சாதனங்கள் அவற்றின் அடுக்களைகளில் இடம்பெற்றன. வீடு கட்டுவதன் தொல்லையைச் சொன்ன படமே வீடு கட்டும் ஆசையை விற்கவும் பயன்பட்டது.

மூன்றாவது சான்று பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. ஜாக் தாத்தி இயக்கி நடித்த ‘மோன் ஓங்கிள்’ (1958) படத்தில் வரும் ‘வில்லா ஆர்ப்பெல்’ என்னும் அதிநவீன வீட்டை ஓவியர் ஜாக் லக்ராஞ்சு தாத்தியுடன் சேர்ந்து வடிவமைத்தார். நீஸ் நகரின் விக்டோரின் படப்பிடிப்புக்கூடத்தில் கட்டப்பட்ட அவ்வீடு, படம் முடிந்தபின் இடிக்கப்பட்டது. உட்கார முடியாத நாற்காலிகள், பெரிய விருந்தாளி வந்தால் மட்டும் நீர் பீய்ச்சும் மீன் வடிவ ஊற்று, இரவில் கண்கள்போல் தோன்றும் வட்டச் சன்னல்கள் ஆகியவற்றால் நவீன வாழ்க்கையைக் கேலி செய்த வீடு அது. 2009 இல் பாரிஸ் நகரின் ‘சென்ட் காத்ர்’ கலைமையத்தில் அதே வீடு மீண்டும் எழுப்பப்பட்டு மக்கள் பார்க்க வைக்கப்பட்டது. கேலிக்கென்று வரையப்பட்ட இருக்கைகள் பின்னாளில் உண்மையான மரச்சாமான்களாகச் செய்து விற்கப்பட்டன.

இவற்றுள் பிளாண்டிங்ஸ் வீடுகள் விற்பனைக்காகவும், ஆர்ப்பெல் வீடு கண்காட்சிக்காகவும் எழுந்தவை. கிளீவ்லாந்து வீடு இவ்விரண்டிலும் சேராத ஒரு காரணத்தால் எழுந்தது. அதை அறிய முதலில் படத்தின் வரலாற்றை அறிய வேண்டும்.

திரைப்படமும் அதன் மூலமும்

‘எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி’ படத்துக்கு மூலமாக அமைந்தவை ஜீன் ஷெப்பர்ட் (1921–1999) என்னும் எழுத்தாளரின் கதைகள். இந்தியானா மாநிலத்தின் ஹாமண்ட் என்னும் தொழில் நகரில் வளர்ந்த அவர், நியூயார்க் வானொலியில் தம் இளமைக்கால நினைவுகளைக் கற்பனை கலந்து சொல்லிப் புகழ்பெற்றார். அக்கதைகளின் தொகுப்பு 1966 இல் நூலாக வெளிவந்தது. கதைகளில் ஊரின் பெயர் ‘ஹோமன்’ என்று மாற்றப்பட்டது.

பாப் கிளார்க் இயக்கிய படத்தில் ரால்ஃபி என்னும் சிறுவன், கிறிஸ்துமஸ் பரிசாக ஒரு விளையாட்டுத் துப்பாக்கி வேண்டும் என்று ஏங்குகிறான். கதையின் ஆண்டு சொல்லப்படுவதில்லை. 1940 ஐ ஒட்டிய காலம் என்பதைப் பொருள்களால் உணரலாம். வளர்ந்த ரால்ஃபியின் குரலில் கதை சொல்பவர் ஷெப்பர்டே ஆவார்.

1940 ஆம் ஆண்டுத் தோற்றம் மாறாத கடைவீதியும் பெரிய பல்பொருள் அங்காடியும் தேவைப்பட்டதால் படக்குழுவினர் பல நகரங்களைத் தேடினர். கிளீவ்லாந்தின் ‘ஹிக்பீஸ்’ அங்காடி தன் கட்டடத்தில் படமெடுக்க இசைந்தது. அதனால் அங்காடியும் வீட்டின் வெளிப்புறமும் கிளீவ்லாந்தில் எடுக்கப்பட்டன. பள்ளிக்கூடக் காட்சிகள் கனடாவின் செயின்ட் கேதரின்ஸ் நகரில் எடுக்கப்பட்டன. வீட்டின் உட்புறம் டொராண்டோவில் அமைந்தது. அந்தக் குளிர்காலத்தில் கிளீவ்லாந்தில் போதிய பனி பெய்யாததால் தெருவில் செயற்கைப் பனி தூவப்பட்டது. ஆக, பார்வையாளர் ஒரே தெருவென்றும் ஒரே வீடென்றும் கண்டது இரண்டு நாடுகளிலிருந்து திரட்டிய துண்டுகளையே.

வெளிவந்தபோது இப்படம் ஓரளவே வெற்றி பெற்றது. தொலைக்காட்சியில் ஆண்டுதோறும் ஒளிபரப்பான பின்னரே குடும்பங்களின் வழக்கமாக மாறியது. 1997 முதல் கிறிஸ்துமஸ் நாளை ஒட்டி 24 மணி நேரமும் தொடர்ந்து ஒளிபரப்பும் மரபு ஏற்பட்டது. 2012 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் சேர்க்கப்பட்டது. இவ்வாறு மீண்டும் மீண்டும் பார்த்ததன் விளைவாக, ஒருபோதும் வாழாத ஒரு வீட்டின் மூலை முடுக்குகள் இலட்சக்கணக்கானோருக்கு மனப்பாடமாயின.

திரெமாண்ட் பகுதியின் வீடு

படத்தில் வெளிப்புறம் காட்டப்பட்ட வீடு கிளீவ்லாந்தின் திரெமாண்ட் பகுதியில் உள்ளது. குயஹோகா ஆற்றுப் பள்ளத்தாக்கின் உருக்காலைகளுக்கு அருகில் அமைந்த இப்பகுதியில் போலந்து, உக்ரைன், சுலோவாக்கியா முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்தன. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட இவ்வீடும் அத்தகைய மரவீடுகளுள் ஒன்று. நெடுஞ்சாலைகள் குறுக்கே போடப்பட்டதாலும், உருக்காலை வேலைகள் குறைந்ததாலும் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதி பெரிதும் தளர்ந்தது. பழைய தோற்றம் மாறாமல் இருந்ததற்கு அந்தத் தளர்ச்சியும் ஒரு காரணம் எனலாம். வசதி வந்த இடங்களில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டுப் புதியவை எழுந்துவிடும்.

படப்பிடிப்புக்குப் பின் இவ்வீடு சிறப்புக் கவனம் எதையும் பெறவில்லை. இரு குடும்பங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வகையில் தடுக்கப்பட்ட வீடாக இருந்தது. காலத்துக்கேற்ற மாற்றங்களும் செய்யப்பட்டன. உள்ளே நுழைந்தவர் எவரும் ரால்ஃபியின் கூடத்தை அங்கே கண்டிருக்க முடியாது.

விளக்கிலிருந்து வீட்டுக்கு

இந்நிலையை மாற்றியவர் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் வாழ்ந்த பிரையன் ஜோன்ஸ். கடற்படை விமானியாக விரும்பிய அவருக்குப் பார்வைக் குறைபாட்டால் அவ்வாய்ப்பு கிட்டவில்லை. மனம் தளர்ந்திருந்த மகனைத் தேற்ற, பெற்றோர் தாங்களே செய்த ஒரு விளக்கை அனுப்பினர். அது படத்தில் ரால்ஃபியின் தந்தை போட்டியில் பரிசாகப் பெறும், பெண்ணின் கால் வடிவில் அமைந்த வேடிக்கை விளக்கின் நகலாகும். படத்துக்காக அவ்விளக்கை வடிவமைத்தவர் கலை இயக்குநர் ரூபன் ஃப்ரீட். ஜோன்ஸ் இவ்விளக்கின் நகல்களைச் செய்து விற்கத் தொடங்கினார்.

2004 இன் இறுதியில் படத்தில் வந்த வீடு இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தது. ஜோன்ஸ் 1,50,000 டாலர் தருவதாகச் சொல்லி ஏலத்தை நிறுத்தி வீட்டை வாங்கினார். விளக்கு விற்ற வருவாய் அதற்குக் கைகொடுத்தது. பிறகு ஏறக்குறைய 2,40,000 டாலர் செலவிட்டு வீட்டின் உட்புறத்தை முழுவதும் களைந்து, இரு குடியிருப்புகளை மீண்டும் ஒரே வீடாக்கினார். வெளிப்புறம் படத்தில் கண்ட மஞ்சள் வண்ணத்துக்கும் பச்சை விளிம்புகளுக்கும் திரும்பியது.

உட்புறத்துக்கு வழிகாட்டியாக அமைந்தது படமே. ஜோன்ஸ் அதை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்து, அறைகளின் வரைபடங்களை விரிவாகத் தயாரித்தார். இத்தகைய பணியில் எழும் சிக்கல்களை மாணவர்கள் கருதிப் பார்க்கலாம். திரைக்கு நீளமும் அகலமும் உண்டு, ஆழம் இல்லை. ஆகவே அளவு தெரிந்த ஒரு பொருளை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். கதவின் உயரமோ, நாற்காலியின் உயரமோ தெரிந்தால் அதனோடு ஒப்பிட்டுச் சுவரின் நீளத்தைக் கணக்கிடலாம். ஆனால் கேமராவின் லென்சு சிறிய அறையைப் பெரிதாகக் காட்டும். தொலைவைச் சுருக்கியும் காட்டும். ஒரு காட்சியில் வலப்பக்கம் இருந்த சாமான் அடுத்த காட்சியில் நகர்ந்திருக்கும். எந்தக் காட்சியிலும் வராத சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்று படம் சொல்லாது.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. செட்டுக்கு எல்லை படப்பிடிப்புக்கூடத்தின் சுவர்; வீட்டுக்கு எல்லை அதன் அடித்தளம். டொராண்டோவில் வேண்டிய இடத்தில் வைத்த மாடிப்படியையும் சன்னலையும், முன்பே கட்டிய ஒரு தொழிலாளர் வீட்டின் தூண்களுக்கும் சுவர்களுக்கும் இடையே பொருத்தியாக வேண்டும். வாசலும் வெளித்தோற்றமும் ஏற்கெனவே முடிவாகிவிட்டன. உள்ளே உள்ளவைதாம் அதற்கேற்ப ஒதுங்கிக் கொடுக்க வேண்டும். படத்தொகுப்பில் ஒரு நொடியில் நடந்த ஒட்டுவேலையைத் தச்சர்கள் மரத்தாலும் ஆணியாலும் செய்ய வேண்டியிருந்தது.

2006 நவம்பர் 25 அன்று இவ்வீடு பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டது. படத்தில் நடித்த சிலரும் விழாவுக்கு வந்தனர். திறப்பு விழா நடந்த அந்த வார இறுதியில் மட்டும் சுமார் 4,300 பேர் வந்து பார்த்தனர். தெருவின் எதிர்ப்புறத்தில் படத்தின் உடைகளும் பொருள்களும் நிழற்படங்களும் கொண்ட அருங்காட்சியகம் அமைந்தது.

பொருள்கள் சொல்லும் காலம்

இவ்வீட்டில் ஆடம்பரப் பொருள் எதுவும் இல்லை. நடுத்தர வருவாய்க் குடும்பம் ஒன்று பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து மீண்டுவந்த காலத்தை அதன் சாமான்கள் சொல்கின்றன. கூடத்தில் வானொலிப்பெட்டி மதிப்புள்ள இடத்தைப் பிடித்திருக்கிறது. தொலைக்காட்சி வருவதற்கு முன் குடும்பம் முழுவதும் கூடிய இடம் அதுவே. நிலவறையில் உள்ள நிலக்கரி உலை அடிக்கடி புகைந்து தந்தையின் பொறுமையைச் சோதிக்கிறது. கடுங்குளிர் நாட்டில் அடுப்பைப் போலவே வீட்டைச் சூடாக்கும் உலையும் இன்றியமையாதது. அதைக் கவனிப்பது அன்றாட உழைப்பாக இருந்தது. சுவரில் உள்ள ஒரே மின்செருகியில் பல பிளக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகப்பட்டுள்ளன. மின்சாரக் கருவிகள் பெருகிவிட்டன, ஆனால் பழைய வீடுகளின் கம்பியமைப்பு அவற்றுக்குப் போதவில்லை என்னும் வரலாற்றை அந்த ஒரு மூலை சொல்லிவிடுகிறது.

அடுக்களையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள அலமாரியில்தான் தந்தையின் கோபத்துக்கு அஞ்சிய இளைய மகன் ராண்டி ஒளிந்துகொள்கிறான். குளியலறையில் தகாத சொல் சொன்ன ரால்ஃபியின் வாயில் வைக்கப்பட்ட சிவப்புச் சோப்பு உள்ளது. நம் நாட்டிலும் பல தலைமுறைகளுக்குப் பழக்கமான லைஃப்பாய் அது. சன்னலில் அந்தக் கால் விளக்கு நிற்கிறது. தந்தைக்கு அது வாழ்க்கையில் கிடைத்த பெரிய பரிசு. தாய்க்கு அது தெருவார் முன் தலைகுனிவு. வீட்டின் அலங்காரத்தை முடிவு செய்பவர் யார் என்னும் பழைய குடும்பப் பூசலை அவ்விளக்கு நகைச்சுவையாக நிறுத்திக் காட்டுகிறது.

இங்கு வருவோர் பொருள்களைத் தொடலாம். சிறுவர்கள் தொட்டியின் கீழுள்ள அலமாரிக்குள் புகுந்து பார்க்கலாம். ‘தொடாதீர்கள்’ என்ற பலகை இல்லாததற்குக் காரணம் எளியது. இங்குள்ள பெரும்பாலான பொருள்கள் படத்தில் வந்தவற்றின் நகல்களோ, அதே காலத்தைச் சேர்ந்த வேறு பொருள்களோதாம். கெட்டால் மாற்றிவிடலாம்.

மெய்யான வீடும் கற்பனை வீடும்

இங்கேதான் வரலாற்று மாணவருக்கு உரிய கேள்வி எழுகிறது. இவ்வீடு எந்தக் காலத்தைக் காட்டுகிறது? 1940 ஐ ஒட்டிய ஒரு சிறுவனின் அனுபவம் 1966 நூலில் நினைவாயிற்று. அந்த நினைவு 1983 இல் செட்டாயிற்று. அந்தச் செட் 2006 இல் வீடாயிற்று. ஒவ்வொரு படியிலும் சில மறைந்தன, சில சேர்ந்தன. கடைசியில் கிடைத்திருப்பது 1940 ஆம் ஆண்டு வீடு அன்று. அந்தக் காலம் எப்படி இருந்திருக்கும் என்று 1983 இல் எண்ணியதன் உருவம் அது.

நியூயார்க்கின் கீழைக்கிழக்குப் பகுதியில் உள்ள வாடகைக் குடியிருப்பு அருங்காட்சியகத்தை இதனோடு ஒப்பிடலாம். ஆர்ச்சர்டு தெருவில் 1863 இல் கட்டப்பட்ட அந்த அடுக்குக் கட்டடத்தில் சுமார் 7,000 பேர் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்தனர் எனக் கணக்கிடப்படுகிறது. 1935 இல் அதன் குடியிருப்புகள் மூடப்பட்டன. அருங்காட்சியகம் 1988 இல் நிறுவப்பட்டது. அங்கு மக்கள்தொகைக் கணக்கேடுகளையும், ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டிருந்த சுவர்த்தாள் அடுக்குகளையும், முன்பு வாழ்ந்தவர்களின் வாய்மொழியையும் சான்றாகக் கொண்டு அறைகள் அமைக்கப்பட்டுள்ளன. 1930களில் அங்கு வாழ்ந்த பால்டிஸி என்னும் இத்தாலியக் குடும்பத்தின் அடுக்களை, சிறுமியாக அங்கே வளர்ந்த அக்குடும்பத்து மகளின் நினைவுகளைத் துணைகொண்டு அமைந்தது.

இரு இடங்களிலும் 1930களையும் 1940 ஐயும் ஒட்டிய எளிய அடுக்களைகள் உள்ளன. இரு இடங்களிலும் நினைவும் ஊகமும் கலந்தே உள்ளன. ஆனால் ஒன்றில் சான்று வாழ்ந்தவர் விட்டுச் சென்ற தடம். மற்றொன்றில் சான்று நடித்தவரைச் சுற்றி இருந்த செட். திரெமாண்ட் வீட்டில் நூறாண்டுக் காலம் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்கள் பூசிய வண்ணமும் வைத்த தடுப்புகளும், வாழாத ஒரு குடும்பத்துக்கு இடம் கொடுப்பதற்காக அகற்றப்பட்டன. இது இழப்பே என்பதை மறுக்க முடியாது.

எனினும் மறுபக்கமும் உண்டு. திரைப்படம் வராமல் இருந்திருந்தால் அந்த வாடகை வீட்டின் சுவர்களை யாரும் ஆராய்ந்திருக்கப் போவதில்லை. அதை ஒத்த எத்தனையோ வீடுகள் பதிவே இல்லாமல் மறைந்தன. கற்பனைக் குடும்பத்தின் பெயரால் ஒரு தொழிலாளர் தெருவும், அதன் மரவீடுகளின் அமைப்பும் மக்கள் கண்ணில் பட்டன. அத்துடன், பிரிக்கப்பட்டுக் குப்பையாகும் செட்டுகளை உருவாக்கிய கலை இயக்குநர், தச்சர், வண்ணம் பூசுபவர் ஆகியோரின் உழைப்பு கையால் தொட்டுப் பார்க்கும் நிலையில் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

முடிவுரை

திரையில் கண்ட வீட்டைத் தரையில் அமைப்பது வெறும் ரசிகர் விளையாட்டு என்று ஒதுக்கத்தக்கதன்று. அதை அப்படியே வரலாறு என்று ஏற்கவும் இயலாது. கிளீவ்லாந்து வீடு 1940 ஆம் ஆண்டின் சான்றாக நின்றால் வலுவற்றது. 1983 ஆம் ஆண்டுத் திரைக்கலையின் சான்றாகவும், ஒரு படத்தை ஆண்டுதோறும் பார்த்து அதன் வீட்டைத் தம் பிள்ளைப் பருவத்தோடு சேர்த்துக்கொண்ட மக்களின் நினைவுக்குச் சான்றாகவும் நின்றால் அது வலுவானது. எதன் சான்று என்று தெளிவாகச் சொல்லும்வரை நகலும் வரலாற்றுக்குப் பயன்படும்.

2022 நவம்பரில் இவ்வீடு மீண்டும் விற்பனைக்கு அறிவிக்கப்பட்டபோது அச்செய்தி நாடு முழுவதும் பேசப்பட்டது. 2004 இல் விற்பனைக்கு வந்தது ஒரு பழைய வாடகை வீடு. 2022 இல் விற்பனைக்கு வந்ததோ, ஒரு காலத்தில் பலகையாலும் வண்ணத்தாலும் டொராண்டோவில் சில வாரங்கள் மட்டும் நின்ற வீடு. அதை நிலையான வீடாக்கியது அதைப் பார்த்தவர்களின் நினைவு.